தலை ஓயாதவர்க்கு மெய் காட்டும் வழி

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)

இளைஞருக்கு உபயோகமாகக்கூடிய ஒரு விடயத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்று சங்கத்தின் செயலாளர் கேட்டுக்கொண்டார். கல்வியின் மேன்மை பற்றியும் ஒழுக்கத்தின் உயர்வு பற்றியும் பேசுதற்கு என்னிலும் தகுதி வாய்ந்த பெரியோர் இச்சபையிலே வீற்றிருக்கிறார்கள். ஆகவே, அதிகம் பேசப்படாத ஒரு துன்பத்தையும், அதற்கென்று ஆராய்ந்து கண்ட ஒரு வைத்திய முறையையும் இன்று எடுத்துக்கொண்டேன். அத்துன்பம் யாது? ஓயாத யோசனை.

நமது பேச்சு வழக்கிலே "யோசித்தல்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கணக்கொன்றை யோசிக்கிறோம், அது சிந்தித்தல். "ஏன் பிள்ளை யோசிச்சுக் கொண்டிருக்கிறாய்?" என்று தாய் கேட்கிறாள், அங்கே யோசனை என்பது கவலை. ஒரே சொல் இரண்டையும் குறிப்பதனாலே, கவலைப்படுபவன் தான் சிந்திப்பதாகவே எண்ணிக்கொள்கிறான். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, சென்ற மாதம் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையை நாற்பது முறை புரட்டிப் பார்த்துவிட்டு, பெரியதொரு வேலை செய்து களைத்தவன்போல எழும்புகிறான். ஆனால் முடிவு ஒன்றும் பிறக்கவில்லை.

உயர்தரச் சோதனைப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவர், உத்தியோகத்துக்கு விண்ணப்பித்துப் பதில் வராதிருப்போர், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்திருக்கும் பெற்றோர் என இத்துன்பத்தை அறியாத வீடு நம்மிடையே அரிது. கெட்டித்தனம் மிகுந்தவர்க்கே இது சில வேளைகளில் அதிகமாக வருகிறது. எதையும் ஆராயும் பழக்கம் அவர்களுக்குச் சோதனை மண்டபத்திலே துணை செய்கிறது. துக்கத்தின் நடுவிலே அதே பழக்கம் சுழலாக மாறிவிடுகிறது.

"யோசியாதை" என்றால் போதுமா?

இதற்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் மருந்து ஒரே சொல்தான்: "யோசியாதை." அன்பினால் சொல்லப்படும் சொல்லே அது. ஆயினும் அது பலிப்பதில்லை. ஏன் பலிப்பதில்லை என்பதை டானியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. அவர் சிலரை அழைத்து, "ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினையாதிருங்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள்" என்றார். மணி பல முறை ஒலித்தது. அதன்பின் "இப்போது நினைக்கலாம்" என்று அனுமதித்தபோது, முதலில் தடுக்கப்பட்டவர்கள், தடுக்கப்படாதவர்களைவிட அதிகமாகக் கரடியையே நினைத்தார்கள். நினைவை விரட்டுதற்கு அதனைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. காவல் காப்பதே நினைப்பதாகி விடுகிறது.

அப்படியாயின், விரட்டாமல் அதனையே ஆராய்ந்துகொண்டிருந்தால் நன்மை உண்டா? அதற்கும் விடை கிடைத்திருக்கிறது. சூசன் நோலன்-ஹூக்சிமா என்னும் அறிஞர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையையும், துக்கம் வரும்போது அவர்கள் அதனை எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பதையும் வினாக்கொத்து மூலம் அறிந்து வைத்திருந்தார். இரண்டு வாரம் கழிந்து, 1989 ஒக்ரோபர் 17ஆம் திகதி, அப்பிரதேசத்தைப் பெரும் பூகம்பம் ஒன்று உலுக்கியது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அம்மாணவர்களை மீண்டும் விசாரித்தார். "எனக்கு ஏன் இப்படி? இதன் காரணம் என்ன?" என்று தம் துக்கத்தையே திரும்பத் திரும்ப அசைபோடும் வழக்கம் முன்னரே உடையவர்களிடம் பின்னரும் மனச்சோர்வு அதிகமாகக் காணப்பட்டது. அவர்கள் முன்பிருந்தே எவ்வளவு சோர்ந்திருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பின்பும் இம்முடிவு மாறவில்லை.

ஆகவே, விரட்டுதலும் பயனில்லை, அசைபோடுதலும் பயனில்லை. இரண்டும் தலைக்குள்ளே நடக்கும் காரியங்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டா என்பதே நம் வினா.

ஜெண்ட்லின் கண்ட உண்மை

அவ்வழியைத் தேடியவர்களுள் இயூஜீன் ஜெண்ட்லின் என்பவரைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். 1926இல் வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பிப் பெற்றோருடன் சிறுவயதிலே அமெரிக்கா சென்றார். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1958இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கே உளவளத்துணையின் பெரும் ஆசானாகிய கார்ல் றொஜர்ஸ் என்பவருடன் சேர்ந்து பணியாற்றினார். 2017இல் காலமானார்.

அக்காலத்திலே அவர்களை வாட்டிய கேள்வி இது. ஒரே விதமான சிகிச்சையைப் பெற்றும் சிலர் தேறுகிறார்கள். சிலர் வருடக்கணக்காக வந்தும் தேறவில்லை. காரணம் என்ன? சிகிச்சை அறையிலே நடந்த பேச்சுக்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். வித்தியாசம் வைத்தியரிடத்தில் பெரிதாகக் காணப்படவில்லை; நோயாளர் என்ன விடயத்தைப் பேசினார்கள் என்பதிலும் காணப்படவில்லை. அவர்கள் பேசிய விதத்திலே காணப்பட்டது.

தேறாதவர்கள் பலர் தெளிவாகப் பேசினார்கள். தம் குறையின் காரணம், வரலாறு, தந்தையின் குணம், தம் குணம் எல்லாவற்றையும் கோவையாக விளக்கினார்கள். தேறியவர்களோ இடையிடையே தடுமாறினார்கள். "அது கோபம்... கோபம் என்று சொல்லவும் முடியாது... எப்படிச் சொல்வது... இங்கே நெஞ்சிலே ஏதோ இறுகினதுபோல..." என்று நிறுத்தி, உள்ளே பார்த்து, மீண்டும் சொல்லைத் தேடினார்கள். முதல் ஓரிரு அமர்வுகளைக் கேட்டே, யார் தேறுவார் என்பதைப் பெரும்பாலும் ஊகிக்க முடிந்ததென்று ஜெண்ட்லின் எழுதியிருக்கிறார். பேச்சு வன்மையைக் கல்வியின் அடையாளமாகப் போற்றும் நமக்கு இது சற்றுப் புதுமையான செய்திதான். தன் துன்பத்தைப் பிழையின்றி விளக்கத் தெரிந்தவன் அதனை இன்னும் தொடவேயில்லை என்றும் இருக்கலாம்.

தேறியவர்கள் இயல்பாகச் செய்ததை மற்றவர்க்கும் கற்பிக்கலாம் என்று ஜெண்ட்லின் துணிந்தார். அம்முறைக்கு "ஃபோக்கசிங்" என்று பெயரிட்டு, 1978இல் அதே பெயரில் ஒரு நூலும் வெளியிட்டார். தமிழிலே அதனை "உட்குவிப்பு" என்று சொல்லிக்கொள்வோம். ஒரு பிரச்சினை முழுவதையும் பற்றி உடம்புக்குள்ளே, பெரும்பாலும் தொண்டை, நெஞ்சு, வயிறு ஆகிய இடங்களில், தெளிவில்லாத ஓர் உணர்வு இருக்கும். அதற்கு இன்னும் பெயர் கிடையாது. அப்பெயரில்லாத உணர்வோடு பொறுமையாக இருப்பதுதான் இம்முறையின் உயிர்நாடி.

தமிழ் அறிந்த செய்தி

இதை அந்நியமான கொள்கை என்று எண்ண வேண்டாம். நம் தாய்மொழியைச் சற்றே கவனியுங்கள். பொறாமை வந்தால் "வயிறு எரிகிறது" என்கிறோம். பயம் வந்தால் "குலை நடுங்குகிறது". துக்கத்தில் "நெஞ்சு அடைக்கிறது". பதற்றத்தில் "கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை". ஆறுதல் கிடைத்தால் "வயிற்றில் பால் வார்த்தாய்". உணர்ச்சி உடம்பிலே வாழ்கிறது என்பதை நம் மொழி ஒருபோதும் மறந்ததில்லை. தொல்காப்பியர் உணர்ச்சிகளை எட்டாக வகுத்து அவற்றுக்கு மெய்ப்பாடு என்றே பெயர் தந்தார். மெய்யிலே படுவது மெய்ப்பாடு. அந்த மெய் என்ற சொல் உடம்பையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும்.

ஓர் உதாரணம்

முறையை மாத்திரம் சொன்னால் விளங்காது. ஆகவே விளக்கத்துக்காக ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்குத் தூரத்துப் பல்கலைக்கழகமொன்றில் இடம் கிடைத்திருக்கிறது. போகலாமா, உள்ளூரிலே ஒரு தொழில்நுட்பப் பயிற்சிக்குச் சேரலாமா என்று மூன்று மாதமாக யோசிக்கிறார். இரண்டு பக்கத்துக்கும் பத்துப் பத்து நியாயம் எழுதி வைத்திருக்கிறார். நித்திரை இல்லை, சாப்பாட்டில் விருப்பம் இல்லை. உளவளத்துணையாளர் ஒருவரிடம் வருகிறார். அரை மணி நேரம் நியாயங்களையெல்லாம் ஒழுங்காகச் சொல்லி முடிக்கிறார்.

துணையாளர் மெதுவாகக் கேட்கிறார்: "தம்பி, இதைச் சொல்லேக்கை உமக்கு உள்ளுக்குள்ளை எப்படி இருக்கு?"

"பயமா இருக்குமெண்டு நினைக்கிறன்."

கவனியுங்கள் சபையோரே. அது இன்னும் நினைப்புத்தான். உணர்ச்சியைப் பற்றிய அனுமானம்.

"சரி. நினைக்கிறதைக் கொஞ்சம் அங்காலை வைப்பம். நெஞ்சையும் வயித்தையும் கவனிச்சுப் பாரும். அவசரம் இல்லை."

இளைஞர் பேசாதிருக்கிறார். ஒரு நிமிடம் கழிகிறது. "இதிலை... நெஞ்சுக்குழியிலை ஒரு கல்லு மாதிரி. இல்லை, கல்லு இல்லை. இழுத்துக் கட்டின மாதிரி. கயிறு போட்டு இழுக்கிற மாதிரி."

"இழுக்கிற மாதிரி."

"ஓம்... இழுக்கிறது." அவரை அறியாமலே ஒரு நீண்ட மூச்சு வெளிவருகிறது.

"அந்த இழுப்பிலை என்ன இருக்கு? நீர் பதில் சொல்ல வேண்டாம். அதைக் கேட்டுப்போட்டு இரும்."

மறுபடியும் மௌனம். பின்பு கண் கலங்குகிறது. "அண்ணாவும் வெளிநாடு போயிட்டான். நானும் போனால் அம்மா தனிச்சுப் போவா."

மூன்று மாதமாக எழுதிய இருபது நியாயங்களுள் இந்த வாக்கியம் இருக்கவில்லை. அவரை வருத்தியது பாடநெறி பற்றிய சந்தேகம் அன்று, பிரிவுத் துயரம். துயரத்தை நியாயத்தால் தீர்க்க முயன்றதனாலேதான் சுழல் ஓயவில்லை. இனி அவர் பல்கலைக்கழகம் போகக்கூடும்; போகாமலும் விடக்கூடும். ஆனால் இப்போது தாயோடு பேசுவதற்கு அவரிடம் ஓர் உண்மையான விடயம் இருக்கிறது. மாதத்தில் எத்தனை முறை வரலாம், சித்தி வீட்டில் அம்மா தங்கலாமா என்று செய்யக்கூடிய காரியங்களும் தென்படுகின்றன.

ஜெண்ட்லின் இதனை ஆறு படிகளாக வகுத்தார். முதலாவது, மனதை அழுத்தும் விடயங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு சற்றே அப்பால் வைத்து, உள்ளே ஓர் இடம் உண்டாக்குதல். இரண்டாவது, அவற்றுள் ஒன்றை எடுத்து, அது முழுவதும் உடம்பிலே எவ்வாறு உணரப்படுகிறது என்று காத்திருத்தல். மூன்றாவது, அவ்வுணர்வுக்குப் பொருந்தும் ஒரு சொல்லோ உருவமோ வரவிடுதல். நான்காவது, அச்சொல் சரிதானா என்று உடம்போடு ஒத்துப் பார்த்தல். ஐந்தாவது, "இதிலே இருப்பது என்ன?" என்று அதனையே கேட்டுப் பொறுத்திருத்தல். ஆறாவது, வந்ததைத் தர்க்கம் செய்யாமல் ஏற்றுக்கொள்ளுதல். சரியான சொல் வந்தவுடன் மூச்சு இளகுவதும் தோள் தளர்வதும் உண்டு. அந்த இளக்கமே சாட்சி.

பிற முறைகள்

இத்துறையில் வேறு முயற்சிகளும் உள. ஜோன் கபட்-சின் என்பவர் 1979இல் மசாச்சுசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், தீராத நோவுடையவர்களுக்காகப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். பௌத்த தியான முறைகளிலிருந்து விழிப்புணர்வுப் பயிற்சியை எடுத்து, வைத்தியசாலைக்கு ஏற்ற விதமாக அமைத்தார். படுத்திருந்து, கால் விரல் தொடக்கம் உச்சிவரை ஒவ்வோர் அங்கத்தையும் வரிசையாகக் கவனித்தல் அதன் முதற் பயிற்சிகளுள் ஒன்று.

அதனைப் பின்பற்றி சின்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜோன் ரீஸ்டேல் ஆகிய மூவர், மனச்சோர்வு நோய் மீண்டும் மீண்டும் வருவோர்க்கென ஒரு சிகிச்சையை அமைத்தனர். 145 பேரைக் கொண்டு அவர்கள் நடத்திய பரிசோதனையின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. முன்பு மூன்று தடவை அல்லது அதற்கு மேல் நோயுற்றவர்களுள், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 66 பேருக்கு நோய் திரும்பியது; இப்பயிற்சியையும் பெற்றோரில் நூற்றுக்கு 37 பேருக்கே திரும்பியது. ஆனால் இரண்டு தடவை மட்டும் நோயுற்றவர்களுக்கு இந்த நன்மை காணப்படவில்லை. எல்லா நோய்க்கும் ஒரே குளிசை என்று ஆராய்ச்சியாளர் சொல்லவில்லை, நாமும் சொல்லலாகாது.

நம் மண்ணிலே யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தம் நம்மவர் மனதில் ஏற்படுத்திய காயங்களை 1998இல் வெளிவந்த ஆங்கில நூலொன்றில் விவரித்தார். மனத்துயரம் தலையிடியாகவும் நெஞ்சு நோவாகவும் உடம்பு நோவாகவும் வைத்தியரிடம் வருவதை அவர் எடுத்துக்காட்டினார். மூச்சுப் பயிற்சி, ஜபம், சாந்தி ஆசனம் முதலிய பாரம்பரியப் பயிற்சிகளை, நோயாளியின் சமயத்துக்கு ஏற்றவாறு சிகிச்சையில் பயன்படுத்தவும் செய்தார்.

இரு ஐயங்கள்

"அறிவைக் கைவிட்டு உணர்ச்சிக்கு அடிமையாகச் சொல்கிறீரா?" என்று பெரியோர் கேட்கலாம். இல்லை. கோபத்தை உணர்தல் வேறு. கோபத்தில் கைநீட்டுதல் வேறு. தன் கோபத்தை நெஞ்சிலே அறிந்தவன் அதனைக் கையிலே காட்ட வேண்டிய அவசியம் குறைகிறது. அறியாதவனுக்கே அது திடீரென்று வெடிக்கிறது. அன்றியும், உணர்ச்சி சொன்ன செய்தியைக் கேட்ட பின்பு சிந்தனை தன் வேலையைச் செவ்வனே செய்யும்.

"எங்கள் காலத்திலே இவையெல்லாம் இருக்கவில்லையே" என்றும் சிலர் கேட்கலாம். இந்தப் பெயரில் இருக்கவில்லை. ஆனால் துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர்களுக்கு உடம்பை மறந்திருக்க வசதி இல்லை. செத்த வீட்டிலே பெண்கள் கட்டியழுது ஒப்பாரி வைத்தபோது துக்கம் தொண்டையிலே தங்கவில்லை. ஆயினும் அக்காலத்தவர் அனைவரும் சுகமாக இருந்தார்கள் என்று சொல்லமுடியாது. "ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது" என்று வளர்க்கப்பட்டு, அறுபது வயதிலும் தம் துயரத்துக்குச் சொல் காணாத ஆண்கள் நம் வீடுகளில் உண்டு. இன்றைய பிள்ளைகள் நாள் முழுவதும் மேசைமுன்னும் கைத்தொலைபேசிமுன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடம்பு என்பது தலையைச் சுமக்கும் ஒரு தாங்கிபோல ஆகிவிட்டது.

வீட்டிலே செய்யக்கூடியவை

முதலாவது, யோசனை சுழலத் தொடங்கும்போது அதனோடு வாதாடாதீர்கள். பாதம் நிலத்தில் படுவதையும், கதிரை முதுகைத் தாங்குவதையும், மூச்சு வந்து போவதையும் இரண்டு நிமிடம் கவனியுங்கள். நினைவு வேறெங்கும் ஓடினால் குற்றமில்லை. திரும்பி வந்தால் போதும்.

இரண்டாவது, படுக்கைக்குப் போகுமுன் பத்து நிமிடம் காலிலிருந்து தலைவரை உடம்பை வரிசையாகக் கவனியுங்கள். எதையும் மாற்ற முயல வேண்டாம். இறுக்கம் இருந்தால் "இங்கே இறுக்கம் இருக்கிறது" என்று அறிந்தால் போதும்.

மூன்றாவது, "ஏன்?" என்ற கேள்வியைச் சற்றே ஒதுக்கி, "எங்கே? எப்படி?" என்று கேளுங்கள். "எனக்கு ஏன் இப்படி?" என்பது சுழலின் வாசல். "இது என் உடம்பில் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது?" என்பது வெளியேறும் படலை.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். யுத்தத்திலோ சுனாமியிலோ கொடிய அனுபவம் பெற்றவர்களுக்கு, கண்ணை மூடி உள்ளே பார்ப்பது பயங்கரமான நினைவுகளைக் கிளப்பக்கூடும். அவர்கள் தனியே இதனைச் செய்யலாகாது. கண்ணைத் திறந்தபடி, கால் நிலத்தில் படுவதிலிருந்து, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு தொடங்க வேண்டும். வாரக்கணக்காக நித்திரை இன்றி இருப்பவர்களும், உயிர்மேல் வெறுப்புத் தோன்றுபவர்களும் தாமதியாமல் வைத்தியரை நாட வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்தும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதில் வெட்கம் இல்லாததுபோல இதிலும் வெட்கம் இல்லை.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெரியோர்களே, பிள்ளை ஒன்று தன் துயரத்தைச் சொல்ல வரும்போது புத்திமதியைச் சற்றே பிந்திக் கொடுங்கள். அதன் தடுமாற்றத்தைத் திருத்தாதீர்கள்; முடிக்காத வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள். அந்தத் தடுமாற்றத்திலேதான் உண்மை பிறக்கிறது என்பதைச் சிக்காகோவின் ஒலிநாடாக்கள் காட்டின.

வாலிப அன்பர்களே, 1970களில் அதே சிக்காகோ நகரிலே, சாதாரண மக்கள் கூடி, ஒருவர் சொல்ல ஒருவர் கேட்கும் வழக்கத்தை ஜெண்ட்லினும் அவருடைய மாணவரும் வளர்த்தார்கள். பட்டம் பெற்ற வைத்தியர் இல்லாத வேளையிலும் நண்பர் நண்பருக்குச் செவி கொடுக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. நமது சங்கத்திலே கரப்பந்தாட்டத்துக்கு ஒரு நாள் உண்டு. விவாதத்துக்கு ஒரு நாள் உண்டு. மாதத்தில் ஒரு மாலையில் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் பதினைந்து நிமிடம் பேச, மற்றவர் குறுக்கிடாது கேட்டு, பின் முறை மாற்றிக்கொள்வதற்கும் இடம் வைக்கலாகாதா? கேட்டது அம்மண்டபத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது ஒன்றே கட்டுப்பாடாக இருக்கட்டும். செலவு இல்லை, இரண்டு கதிரை போதும். நிர்வாக சபையினர் இதனை அடுத்த கூட்டத்திலே ஆலோசிக்க வேண்டுமென்று விநயமாகக் கேட்டுக்கொள்கிறேன்.